வளரும் கட்டுமானம், வளரும் மொழி

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோவிலின் கிழக்கு இராசகோபுரம் பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் கொண்டது. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் தொடங்கிய அத்திருப்பணியைத் தஞ்சை மன்னர் சேவப்ப நாயக்கர் நிறைவு செய்தார். தலைமுறை கடந்து தொடரும் இத்தகைய பணிகளுக்குச் சிற்பநூல்களின் பொதுச்சொற்கள் துணைநின்றன. அந்நூல்கள் விமானத்தை அதிட்டானம், பாதம், பிரத்தரம், கண்டம், சிகரம், தூபி என ஆறு உறுப்புகளாகப் பகுக்கின்றன. நிலைகள் கூடும்போது பாதமும் பிரத்தரமும் மீண்டும் அமையும்; அடிப்படைச் சொற்கள் மாறுவதில்லை. இதனையொத்த நெறி மென்பொருள் துறையிலும் உண்டு.

மென்பொருளின் அமைப்பு

தீபத் திருவிழாவுக்கு வரும் பயணி ஒருவர் இணையவழியில் தொடர்வண்டிச் சீட்டு முன்பதிவு செய்வதாகக் கொள்வோம். இருக்கையைத் தேடுதல், கட்டணம் கணக்கிடுதல், வங்கிவழிப் பணம் பெறுதல் ஆகியவற்றைத் தனித்தனிக் கூறுகள் செய்கின்றன. அவற்றுக்கிடையே செய்தியைக் கொண்டுசெல்பவை இணைப்பிகள். செய்தி வந்துசெல்லும் வாயில்கள் இடைமுகங்கள். இவ்வமைப்பை மனிதரும் கணினியும் படிக்குமாறு எழுத உதவுவது கட்டமைப்பு விவரிப்பு மொழியாகும்.

விரிவாக்கத்தின் தேவை

1990களில் ரைட், ரபீட், டார்வின் முதலிய விவரிப்பு மொழிகள் தோன்றின. ஒவ்வொன்றும் தனக்குரிய சில வினாக்களுக்கே சிறப்பாக விடை தந்தது. புதிய வினா எழுந்தால் மொழியையும் அதன் கருவிகளையும் மாற்ற வேண்டியிருந்தது. இக்குறையை நீக்கக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் எக்ஸ்ஏடிஎல் மொழி உருவாக்கப்பட்டது. 1998இல் தரமாக வெளியிடப்பட்ட எக்ஸ்எம்எல் என்னும் விரிவாக்கக் குறிமொழியே அதன் அடித்தளம். கூறு, இணைப்பி, இடைமுகம் முதலியவை அதன் கருவாகும். கூடுதல் செய்தி வேண்டுவோர் அக்கருவைச் சிதைக்காமல் தம் வரையறையைத் தனியே சேர்க்கலாம்.

பழுதை முன்னறிதல்

பயணியின் கணக்கில் பணம் கழிந்தும் சீட்டுப் பதிவாகவில்லை எனில் என் செய்வது? வங்கியின் விடை தாமதித்தால் எக்கூறு என்ன செய்யும் என்பதை விவரிப்பில் சேர்த்திருந்தால், நிரல் எழுதுமுன்னரே பொறியாளர் அக்குறையைக் காண இயலும். 2004இல் தரமாக வெளியான ஏஏடிஎல் மொழியும் பிற்சேர்க்கைகளால் விரிவடைவது. வானூர்தி போன்றவற்றில் ஒரு கூறு பழுதுற்றால் அது எங்கெங்குப் பரவும் என்பதை அதன் பிற்சேர்க்கை ஒன்றால் எழுதலாம்.

எனினும், ஒவ்வொரு குழுவும் தனக்கே விளங்கும் சொற்களைச் சேர்த்துக்கொண்டே சென்றால் பொதுமொழி சிதறும். ஆகவே, கருவை அனைவரும் ஒருமனதாக ஏற்பதும், புதிய சொல்லின் பொருளைத் தெளிவாக எழுதிவைப்பதும் இன்றியமையாதன. அப்போதுதான் ஒருவர் தொடங்கிய மென்பொருளை, அவரை அறியாத மற்றொருவர் தொடர முடியும்.