சிற்றறிவு என்னுஞ் சொல்லின் பொருள்

சைவசித்தாந்த நூல்களிற் பலகாலும் பயின்றுவருஞ் சொற்களுள் 'சிற்றறிவு' என்பதும் ஒன்று. வடநூலார் உயிரைக் 'கிஞ்சிஞ்ஞன்' என்பர். கிஞ்சித்து, சிறிது; ஞன், அறிபவன்; எனவே சிறிதே அறிபவன் என்பது பொருளாயிற்று. இதற்கு மறுதலை 'சருவஞ்ஞன்', அஃதாவது முற்றறிவுடையோன். இஃது இறைவனுக்கே உரியது. சொற்பொருள் எளிதேயாயினும், அச்சிறுமை எதனைப் பற்றியது என்பதில் மயங்குவாருளர். அம்மயக்கம் முத்தியின் இயல்பைப் பற்றிய மயக்கமாய் முடிதலின், அதனை ஈண்டு ஆராய்வாம்.

சிறுமை அளவு பற்றியதாயின், ஆன்மா அணுவளவினதாதல் வேண்டும். அன்றேற் பேரறிவொன்றினின்று பிரிந்த கூறாதல் வேண்டும். சித்தாந்தம் இவ்விரண்டனையும் உடன்படாது. ஆன்மா வியாபகப்பொருள் என்பதே ஆகமத் துணிபு. அறிவோ கூறுபடுஞ் சடப்பொருளன்று. ஆகலின், சிறுமை அறிவின்கண் உள்ளதன்று, அறிவினது விளக்கத்தின்கண் உள்ளது என்று கொள்க.

செம்பிற் களிம்புபோல அனாதியே பற்றிய ஆணவமலம், ஆன்மாவின் இச்சா ஞானக் கிரியைகளை மறைத்து நிற்கும். கருவி யாதுங் கூடாத கேவலத்தில் அவை சிறிதும் விளங்கா. சகலத்தில் மாயாகாரியங்களாகிய தத்துவங்கள் வந்து கூடியவழி, கலை கிரியையையும், வித்தை ஞானத்தையும், அராகம் இச்சையையும் ஒருசிறிது விளக்கும். இங்ஙனம் மலமறைப்பு ஒருபுடை நீங்க நிகழும் விளக்கமே சிற்றறிவெனப்படும். 'ஏகதேச அறிவு' என்பதும் அது. 'சுட்டறிவு' என்னும் பெயரோ அதனது நிகழ்ச்சிமுறை பற்றி வந்தது. கருவிவழி அறியும் உயிர், இஃது இன்னது என ஒவ்வொன்றாகச் சுட்டியே அறியும்; ஒன்றை அறியுங்கால் மற்றொன்றை அறியாது; முன்னறிந்ததனைப் பின் மறப்பதுஞ் செய்யும். இறைவனோ எல்லாவற்றையும் ஒருங்கே, சுட்டின்றி அறிவான்.

அற்றேல், மலம் நீங்கச் சிற்றறிவும் நீங்கும், நீங்கவே, ஆன்மா சிவத்தோடு ஒத்து ஐந்தொழிலும் இயற்றுமன்றோ எனின், அது சிவசமவாதிகள் கூற்று, சித்தாந்தமாகாது. உயிர்மாட்டுக் குறைபாடு போலத் தோன்றுவன இரண்டு. ஒன்று, மலத்தான் வந்த விளக்கக் குறைவு, இது செயற்கை. மற்றொன்று, தானே அறியாது அறிவிக்க அறிதல், இஃது இயற்கை. சிவஞானபோதத்து ஐந்தாஞ் சூத்திரம், ஐம்பொறிகள் உயிரான் அறியுமாறுபோல உயிர் அருளான் அறியும் என உணர்த்துவது இவ்வியற்கையையே.

இருளிடத்துக் கண் ஒன்றனையுங் காணாது. சிறுவிளக்கு ஏற்றியவழி ஒரு மூலையைக் காணும். ஞாயிறு தோன்றியவழி எங்குங் காணும். மூன்றிடத்தும் கண் ஒன்றே. அது சிறுத்ததுமில்லை, பெருத்ததுமில்லை. எங்குங் கண்ட காலத்தும் அது ஞாயிற்றொளியை வேண்டி நிற்பதன்றித் தானே ஞாயிறாவதில்லை. கேவலம், சகலம், சுத்தம் என்னும் மூன்றற்கும் இவை முறையே ஒக்கும்.

இவ்வேறுபாடு அறியாதார் இருவகைக் குற்றத்துட் படுவர். விளக்கக் குறைவினை இயற்கை எனக் கொள்வார்க்குச் சரியை முதலிய நாற்பாதமும் பயனிலவாம். களிம்பு செம்பின் இயல்பேயாயின் நீங்குமாறில்லையன்றோ? அறிவிக்க அறிதலையுஞ் செயற்கை எனக் கொள்வார்க்கோ, முத்தியில் அன்பு செய்வாரும் அன்பிற்கு உரியாரும் என்னும் நிலை இலதாம். அந்நூலின் 12-ஆம் சூத்திரம், மலங்கழீஇயினாரும் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுவர் எனக் கூறுதல், அவ்வன்பு முத்தர்க்கும் ஒழியாது என்பதற்குச் சான்றாம்.

ஆகவே 'யான் சிற்றறிவினேன்' என்று அடியார் கூறும் பணிமொழி வெறும் உபசாரமன்று. மலத்தின் வலியையும் அருளின் இன்றியமையாமையையும் ஒருங்குணர்ந்த மெய்ம்மொழியேயாம். அச்சொல்லை வழங்குந்தோறும் அவ்விரண்டனையும் உன்னுதல் நம்மனோர்க்குக் கடனாகும்.

திருச்சிற்றம்பலம்