கடைக் கண்ணாடியும் பட்டறைக் கண்ணாடியும்

2010-ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சென்னை நகரில் ஒரு பெரிய மின்சாதனக் கடை. சங்க ஆபீசுக்கு ஒரு மின்விசிறி வாங்க வேண்டும் என்று நானும், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒரு தோழரும் போயிருந்தோம். மின்விசிறிகள் மாடியில் இருந்தன. மாடிக்குப் போக விடாமல் வழியிலேயே ஒரு கூட்டம் மறித்து நின்றது.

கூட்டத்தின் நடுவே, தனி மேடை போட்டு, விளக்கு அலங்காரம் செய்து, ஒரு புதிய யந்திரத்தை வைத்திருந்தார்கள். முப்பரிமாணத் தொலைக்காட்சி! அதன் எதிரே இரண்டு நாற்காலிகள். மேஜையின்மேல் நான்கு கறுப்புக் கண்ணாடிகள். யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதபடி ஒவ்வொன்றையும் மேஜையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

வெறுங்கண்ணால் திரையைப் பார்த்தேன். அச்சு நகர்ந்த நோட்டீசைப்போல உருவங்கள் இரட்டை இரட்டையாக மங்கித் தெரிந்தன. "இதற்கா இத்தனை கூட்டம்?" என்று எண்ணும்போதே விற்பனையாளரான வாலிபர் ஒருவர் கண்ணாடியை நீட்டினார். "இதைப் போட்டுக்கொண்டு பாருங்கள், சார்!"

மீன் நீந்தி வந்தது

போட்டுக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தோழர்களே! பிரமித்துப் போனேன். கடலுக்கடியில் ஒரு மீன் கூட்டம். அதிலே ஒன்று திரையை விட்டு வெளியே வந்து, என் மூக்குக்கு முன்னால் நின்று, வாலை ஆட்டியது. பக்கத்து நாற்காலியில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி. கையை நீட்டி மீனைப் பிடிக்கப் பார்த்தாள். வெறுங்கை திரும்பியதும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவளுடைய தகப்பனாரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். மனித மூளையின் வெற்றி அது. இரண்டு கண்களுக்கும் நடுவே ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. ஆகவே இடக்கண் காணும் காட்சி வேறு, வலக்கண் காணும் காட்சி வேறு. இரண்டையும் மூளை ஒன்றாகச் சேர்க்கும்போது, எது பக்கம், எது தூரம் என்ற ஆழம் பிறக்கிறது. இதை 1838-இல் இங்கிலாந்து விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன் எடுத்துக் காட்டினார். இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் வரைந்து, கண்ணாடிகளின் மூலம் காட்டி, தட்டையான காகிதத்திலிருந்து ஆழத்தை எழுப்பினார். போட்டோப் படம் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே அதற்கு அடுத்த ஆண்டில்தான்!

கடையில் இருந்த யந்திரமும் அதே தத்துவந்தான். திரை, இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்கு ஒரு படம் என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறது. கண்ணாடி அதற்கு இசைவாக ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறக்கிறது. ஒரு விநாடியில் ஒவ்வொரு கண்ணுக்கும் சுமார் 60 தடவை! கண் இமைப்பதற்குள் கதவு பல முறை மூடித் திறந்துவிடுகிறது.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பிரமிப்புக் கொஞ்சம் இறங்கியது. ஒரு சமயத்தில் ஒரு கண்ணுக்குத்தானே வெளிச்சம்? படம் மங்கலாகத் தெரிந்தது. நான் ஏற்கெனவே மூக்குக்கண்ணாடி போடுகிறவன்; கண்ணாடிமேல் கண்ணாடி மாட்டியதில் மூக்குத் தண்டு வலித்தது. தலையைச் சாய்த்தால் படமும் கெட்டது. நாள் முழுவதும் நின்று வேலை செய்துவிட்டு, ராத்திரி பாயில் ஒருக்களித்துப் படுத்தபடி டிவி பார்க்கிற மனிதனை இந்த யந்திரத்தைச் செய்தவர்கள் நினைத்துப் பார்க்கவே இல்லை என்று தோன்றியது.

வீட்டில் எத்தனை பேர்?

விலை கேட்டேன். ஒரு லட்ச ரூபாய்க்கு மேல். "கண்ணாடி?" என்றேன். கூட ஒன்றிரண்டு வரும், மற்றவை தனியாக வாங்க வேண்டும் என்றார் வாலிபர். அமெரிக்கச் சந்தையில் அந்த ஆண்டு இத்தகைய கண்ணாடி ஒன்று 150 டாலர் வரை விற்றது. அன்றைய மாற்று விகிதத்தில் ஏழாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

வீட்டில் ஐந்து பேர், கண்ணாடி இரண்டு. மீதி மூன்று பேர் அச்சு நகர்ந்த நோட்டீசைப் பார்த்துக்கொண்டிருப்பதா? பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து செய்தி கேட்ட ஜனங்கள் நாம். தெருவிலே ஒரு வீட்டில் டிவி வந்தால், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவே கிரிக்கெட் பார்த்தது. இந்த யந்திரமோ ஆளுக்கு ஒரு நுழைவுச்சீட்டுக் கேட்கிறது.

"சரி, இதில் எந்தச் சானல் இப்படித் தெரியும்?" என்று கேட்டேன். வாலிபர் குரலைத் தாழ்த்தினார். "நம் கேபிளில் இன்னும் வரவில்லை, சார். தனியாகப் பிளேயர் வாங்கி, டிஸ்க் போட்டுத்தான் பார்க்க வேண்டும்." அந்த வாலிபர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மாத இலக்கு என்ற கத்தி அவர் தலைக்குமேல் தொங்குகிறது. காலை முதல் ராத்திரி வரை நின்றுகொண்டே மீனைக் காட்டுகிறார். அவர் வீட்டுக்கு இந்த டிவி வருமா?

பின் எதற்காக இந்த அவசரம்? 2009 டிசம்பரில் 'அவதார்' என்ற அமெரிக்கப் படம் வந்தது. ஜேம்ஸ் காமரூன் எடுத்த அந்தப் படத்தை முப்பரிமாணத்தில் காண உலகமெங்கும் ஜனங்கள் தியேட்டருக்குத் திரண்டார்கள். டிவிக் கம்பெனிகளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பணக்கார நாடுகளில் பருத்த பழைய பெட்டியைக் கழித்துவிட்டுத் தட்டை டிவி வாங்கக்கூடியவர்களில் பலர் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். தட்டை டிவியின் விலையும் ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடும் டிவியை மறுபடியும் மாற்றச் சொல்ல ஒரு காரணம் தேவைப்பட்டது. 2010 மார்ச்சில் அமெரிக்கக் கடைகளில் விற்பனை தொடங்கியது. பார்ப்பவன் கேட்டு வந்த பொருள் அல்ல இது. விற்பவனுக்குத் தேவைப்பட்டு வந்த பொருள்.

தோழர் என்ன கண்டார்?

என் முறை முடிந்தது. தோழரை நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ணாடியை மாட்டினேன். அவர் பேசாமல் பார்த்தார். "மீன் வருகிறதா, தோழர்?" என்றேன். "மீன் இருக்கிறது" என்றார். "பக்கத்தில் வருகிறதா?" "இல்லை, அங்கேயேதான் இருக்கிறது."

வாலிபர் பதறிவிட்டார். கண்ணாடியில் பாட்டரி தீர்ந்துவிட்டதோ என்று வேறொன்றை மாட்டினார். அதிலும் மீன் வரவில்லை. தோழர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் மெதுவாக வைத்தார். "தம்பி, உங்கள் யந்திரம் பழுதில்லை. எனக்கு இடது கண் தெரியாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பல ஆண்டுப் பழக்கம். விஷயம் எனக்குத் தெரியும். ஆனாலும் மறந்துவிட்டேன்! விழி அப்படியே இருப்பதால் பார்த்தால் தெரியாது. ஒரு கண்ணுக்கு ஒரு படம் மட்டுமே போகிறது. அதோடு சேர்க்க மற்றொரு படம் இல்லை. ஆகவே ஆழம் இல்லை. ஒரு லட்ச ரூபாய் யந்திரம் அவருக்கு மங்கலான ஒரு பழைய டிவி.

அவர் டர்னர். சிறு பட்டறை ஒன்றில் லேத்தில் பித்தளை கடைந்துகொண்டிருந்தார். இரும்பு சுருளாக வரும். பித்தளையோ ஊசி ஊசியாகத் தெறிக்கும். ஒரு நாள் சில்லு ஒன்று கண்ணில் பாய்ந்தது. ஆஸ்பத்திரியில் சில்லை எடுத்தார்கள். பார்வையைத் திருப்பித் தர முடியவில்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள் டீயைக் கிளாசுக்குப் பக்கத்திலே ஊற்றினார். மாடிப்படியின் கடைசிப் படியில் கால் தவறினார். டூல் எங்கே, சுற்றுகிற சக் எங்கே என்று தூரம் பிடிபடாமல் போகவே, லேத்திலிருந்து எடுத்துப் பாக்கிங்குக்கு மாற்றினார்கள். கூலியும் குறைந்தது. மூன்றாவது பரிமாணம் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இழந்தவர் அவரல்லவா?

அந்தப் பட்டறையில் பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்தார்களா? இல்லை. சில பத்து ரூபாயில் கிடைக்கிற பொருள். அன்று நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, சில்லு தெறிக்கிற வேலையில் கண்ணுக்குத் தடுப்போ கண்ணாடியோ கொடுக்கத்தான் வேண்டும் என்றது. சட்டம் ஏட்டிலே இருந்தது. கண்ணாடி பட்டறையிலே இல்லை.

கண் போன பிறகு சட்டம் கணக்கோடு வந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. மறு கண் நன்றாக இருந்து, ஒரு கண்ணையே இழந்தால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 40 நஷ்டம். விழி தங்கிப் பார்வை மட்டும் போனால் நூற்றுக்கு 30. நமது தோழர் 30-இல் அடங்கினார். அந்தத் தொகையும் சங்கம் ஏறி இறங்கிய பிறகே கைக்கு வந்தது.

ஒற்றைக் கண் டைரக்டர்

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. 1952-53-இல் அமெரிக்காவில் முப்பரிமாண சினிமா அலை ஒன்று அடித்தது. அப்போது வீட்டுக்கு வீடு டிவி நுழைந்து தியேட்டர்கள் காலியாயின. கூட்டத்தைத் திரும்ப இழுக்கவே அந்தக் கண்ணாடி வித்தை. டிவியை அடிக்கச் சினிமா அன்று எடுத்த ஆயுதத்தையே, 2010-இல் சினிமாவிடமிருந்து டிவி வாங்கிக்கொண்டது! அந்த அலையில் மிகப் பெரிய வெற்றி பெற்ற படங்களில் ஒன்று 1953-இல் வந்த 'ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்'. அதை எடுத்த டைரக்டர் ஆந்த்ரே டி டாத்துக்கு ஒரு கண்தான். தான் எடுத்த படத்தின் ஆழத்தை அவரால் காண முடியாது. இதை நான் சொன்னதும் தோழர் வாய்விட்டுச் சிரித்தார். "அவருக்கு அதனால் வேலை போகவில்லையே!" என்றார்.

மீன் செத்தது, விஞ்ஞானம் சாகவில்லை

கடையில் கண்ட மீன் எத்தனை நாள் நீந்தியது? 2010 ஜூனில் உலகக் கால்பந்துப் போட்டியோடு தொடங்கிய அமெரிக்காவின் ஈஎஸ்பிஎன் முப்பரிமாணச் சானல் 2013-இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் பிபிசியும் முப்பரிமாண நிகழ்ச்சிகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. பிரிட்டனின் ஸ்கை 3டி சானல் 2015-இல் மூடியது. 2016-இல் சாம்சங் தன் புதிய டிவிகளில் இந்த வசதியைக் கைவிட்டது. 2017-இல் எல்ஜியும் சோனியும் கைவிட்டன. ஏழே ஆண்டு! கடன் வாங்கி வாங்கியவன் வீட்டில் அந்தக் கண்ணாடி பரணுக்குப் போயிற்று.

விஞ்ஞானம் தோற்றதா? ஒருபோதும் இல்லை. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளை வழியே ஆபரேஷன் செய்கிற யந்திரங்கள் பலவற்றில் டாக்டர் இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் பார்த்துத்தான் கத்தியை நகர்த்துகிறார். அங்கே ஆழம் உயிர் காக்கிறது. ஆகவே அங்கே அது நிலைத்தது. பூமியை அளந்து வரைபடம் போடுகிறவர்கள் விமானத்திலிருந்து எடுத்த இரட்டைப் படங்களைப் பார்த்து மலையின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். தேவை இருந்த இடத்தில் வாழ்ந்த விஞ்ஞானம், லாபத்துக்காகக் கூடத்தில் இழுத்து உட்கார வைக்கப்பட்டபோது மூச்சு முட்டியது.

நமது வேலை

2025 நவம்பரில் பழைய தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடப்புக்கு வந்துவிட்டன. மின்சக்தியில் ஓடும் பட்டறையில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது 1948 சட்டம். புதிய தொகுப்பில் அந்த எண் 20. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் லேத்துப் பட்டறை இனித் 'தொழிற்சாலை' என்ற சொல்லுக்குள்ளேயே அடங்காது. பித்தளைச் சில்லுக்கோ ஆள் கணக்குத் தெரியாது. ஒருவன் நின்றாலும் பாயும்.

"வாங்கிக் கொடுத்தாலும் போடுவதில்லை" என்று முதலாளி சொல்வார். அதில் கொஞ்சம் உண்மை உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்வோம். வியர்வையில் மங்குகிறது, கீறல் விழுகிறது, உருப்படிக் கணக்குக் குறைகிறது என்று கழற்றி வைக்கிறோம். "எனக்கென்ன ஆகும்?" என்ற வீறாப்பும் சேர்ந்துகொள்கிறது. அந்த வீறாப்பை விடுவோம். மங்காத கண்ணாடி கேட்போம். கீறல் விழுந்தால் மாற்றித் தரக் கேட்போம். மூக்குக்கண்ணாடி போடுகிறவனுக்கு அதன்மேல் பொருந்துகிறதாகக் கேட்போம். அடுத்த கிளைக் கூட்டத்தில் முதல் பொருள் இதுவாக இருக்கட்டும்.

அன்று மின்விசிறி வாங்கிக்கொண்டு நாங்கள் இறங்கும்போது, அந்தச் சிறுமி இன்னும் மீனுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள். தோழர் நின்று, மேஜையோடு கட்டியிருந்த கண்ணாடிகளை ஒரு தடவை பார்த்தார். "பொருளைக் காப்பாற்ற எவ்வளவு கவனமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், பார்த்தீர்களா?" என்றார்.

பஸ் வரும்வரை அவர் வேறொன்றும் பேசவில்லை.