பைபாஸுக்குப் பின் மறதி: ‘வயசாச்சு’ என்று விடக்கூடாது

இதய பைபாஸ் அறுவைக்குப் பிறகு பலருக்குச் சில வாரங்கள் மறதியும் கவனச் சிதறலும் இருக்கும். சில்லறைக் கணக்கில் தடுமாறுவார்கள். மாத்திரை போட்டதை மறந்து மறுபடி போடுவார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வில் (2001), டிஸ்சார்ஜ் ஆனபோது 53 சதவீதம் பேரிடம் இத்தகைய அறிவாற்றல் சரிவு தெரிந்தது. ஆறு மாதத்தில் அது 24 சதவீதமாகக் குறைந்தது. நுண்ணிய ரத்தக்கட்டிகள், ரத்த அழுத்த வீழ்ச்சி, உடலில் எழும் அழற்சி ஆகியவை காரணங்களாகக் கருதப்படுகின்றன. இந்த மறதிக்குப் பயந்து அறுவையைத் தள்ளிப்போடுவது பெரிய ஆபத்து.

ஐசியூவில் ஓரிரு நாள் ஆள் தெரியாமல் பிதற்றுவது பைத்தியமல்ல, தற்காலிக மனக்குழப்பம். மூக்குக்கண்ணாடியும் காது மெஷினும் கையில் இருந்தால் தெளிவு வர உதவும். அவற்றை வீட்டில் வைத்துவிட்டு வரக்கூடாது.

ஆனால் திடீரென வாய் கோணினால், பேச்சு குழறினால், ஒரு கை விழுந்தால் அது மறதியல்ல, பக்கவாதம். உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கழுத்துத் தமனி அடைப்பை நீக்கியவர்களுக்கு முதல் சில வாரங்களில் கடும் தலைவலியோ வலிப்போ வந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். தலைவலி மாத்திரை போட்டுக் காத்திருக்கக்கூடாது.

அறுவைக்கு முன்பே ‘மோகா’ நினைவாற்றல் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. பத்து நிமிடம் போதும். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டுவது போன்ற கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். முன்மதிப்பெண் இல்லாவிட்டால், பின்னால் எவ்வளவு குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

ஒப்புதல் படிவத்தில் முதல்நாள் இரவு அவசரமாகக் கையெழுத்து வாங்குவது முறையல்ல. ஆபத்துகளைப் புரியும்படி விளக்கிய பிறகே ஒப்புதல் செல்லும் என்பது 2008 சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. மயக்க மருந்துப் பதிவு, அறுவைக் குறிப்பு, ஐசியூ தாள்கள், ஸ்கேன் எல்லாவற்றின் நகலையும் எழுத்தில் கேட்டு, மனுவின் நகலில் தேதியுடன் முத்திரை வாங்க வேண்டும். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ‘பதிவேட்டுப் பிரிவில் கேளுங்க, நாளைக்கு வாங்க’ என்று அலையவிடுவது விதிமீறல். மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம்.

மறதி வந்ததே மருத்துவரின் கவனக்குறைவுக்குச் சான்றாகாது. பதிவேடும் நிபுணர் கருத்தும் தேவை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கெடு இரண்டு ஆண்டு. பதிவேட்டை மருத்துவர் வைத்திருக்க வேண்டிய காலமோ சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றே ஆண்டு. அதனால் நகல் கேட்கும் மனுவை டிஸ்சார்ஜ் அன்றே கொடுத்துவிட வேண்டும்.