மூன்று விசில், ஒரு தீர்ப்பு

அஜின்கோர்ட் பகுதிப் பாடசாலை உள்ளரங்குகளில் கூடைப்பந்தாட்டம் பார்க்கப் போகிறவர்களின் கண் பந்தின் மீதே இருக்கும். நடுவர்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. மூவரும் பந்தையே பார்த்தால், பந்து இல்லாத இடத்தில் நடக்கும் இடியையும் பிடியையும் யார் காண்பது?

யார் எதைப் பார்ப்பது என்ற வேலைப் பங்கீடு ஆட்டத்தோடு கூடவே பிறந்தது. ஆட்டத்தை உருவாக்கியவரும் ஒன்ராறியோவின் ஆல்மொன்ட் அருகே பிறந்தவருமான ஜேம்ஸ் நைஸ்மித் 1891இல் எழுதிய 13 விதிகளின்படி, ஒரு நடுவர் ஆட்களைக் கவனித்துத் தவறுகளைக் குறித்துக்கொள்வார். மற்றவர் பந்தையும் நேரத்தையும் பார்ப்பார்.

இன்றைய மூவர் முறை களத்தையே பங்கு போடுகிறது. ஒருவர் கூடைக்குப் பின்னே இறுதிக் கோட்டில் நிற்பார். இன்னொருவர் ஆட்டத்துக்குப் பின்னால், நடுக்கோட்டுப் பக்கமாக. மூன்றாமவர் எதிர்ப் பக்கவாட்டில், ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு நேராக. பந்து மறுபக்கம் போனால் முதலாமவர் இறுதிக் கோட்டோரமாக அந்தப் பக்கம் நகர்வார். உடனே மற்ற இருவரின் பொறுப்பும் மாறிவிடும்.

யாருடைய பகுதியில் தவறு நடந்ததோ, விசில் ஊதும் முதல் பொறுப்பு அவருடையது. இருவர் ஒன்றாக ஊதிவிட்டால் சைகையை அடக்கி, கண்ணால் பேசி, ஒருவரே முடிவைக் காட்ட வேண்டும். உண்மையான திறமை தெரிவது இந்த இடத்தில்தான்.

தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ மூவர் முறைக்கு நிரந்தரமாக மாறியது 1988-89 பருவத்தில். இருவரே நடத்தும் ஆட்டங்கள் இன்றும் உண்டு. அங்கே ஒருவர் பார்க்க வேண்டிய பரப்பும் அதிகம், ஓட்டமும் அதிகம். அடுத்த ஆட்டத்தில் ஒரு நிமிடமாவது பந்தை விட்டு நடுவர்களைக் கவனியுங்கள், நேயர்களே.