மனநோய்க்கு மாத்திரை: நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். குணமாகிவிடும் என்று நம்பி அங்கே கொண்டுவிட்டவர்கள் அவர்களின் குடும்பத்தினர்தான்.

நோயாளியைச் சங்கிலியால் கட்டுவது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி குற்றம். ஏர்வாடி தர்காவிலும் இன்று துஆவோடு அரசின் மனநல சிகிச்சையும் கிடைக்கிறது. துஆ கேட்பதை எந்த மருத்துவரும் தடுப்பதில்லை. துஆவை நம்பி மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து.

அந்த மருந்துகள் என்னென்ன?

மனச்சோர்வு, பதற்றம்: எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளுவாக்செடின். பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல் வரலாம். "மாத்திரை கேட்கவில்லை" என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

மனச்சிதைவு (காதில் குரல் கேட்பது, காரணமற்ற சந்தேகம்): ரிஸ்பெரிடோன், ஓலன்சாபின். உடல் எடையும் சர்க்கரையும் கூடலாம். அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும்.

இருதுருவ மனநோய்: லித்தியம், வால்புரோயேட். லித்தியத்துக்கு ரத்தப் பரிசோதனை அவசியம். வால்புரோயேட் கருவைப் பாதிக்கும். கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும்.

தூக்கம், படபடப்பு: அல்பிரசோலம், குளோனசிபம். இவை நாளடைவில் பழக்கமாகிவிடும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருக்கக் கூடாது. மேலே சொன்ன மற்ற மருந்துகள் இப்படிப் போதைப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை.

எதையும் திடீரென நிறுத்தக் கூடாது. நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பலாம்.

ரமளானில் என்ன செய்வது? நோயாளிக்கு நோன்பில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்பு வைக்க விரும்பினால் ரமளானுக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பல மாத்திரைகளை இரவு ஒரே வேளையாக மாற்றித் தர முடியும். லித்தியம் எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உடலில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகலாம்.

தருமபுரியில் உள்ளவர்கள் இதற்காக வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்தும் இலவசம். வெளியே தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று பயந்தால், முதலில் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை போடுபவரை நாம் ஈமான் குறைந்தவர் என்று சொல்வதில்லை. மனநோய்க்கு மாத்திரை போடுபவரையும் அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.