ஒரு காது போனால் திசை போகும்

ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கப் போனால், அது பார்க்காதபோது பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதுக்கும் தேவை. அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் அழிந்துவிடும். சில குட்டிகளுக்கு ஒரு காது மட்டும் போகும். அதைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். கூப்பிட்டால் கேட்கும், எங்கிருந்து என்று புரியாமல் சுற்றுமுற்றும் தேடும்.

ஏன்? திசை என்பது இரண்டு காதுகள் சேர்ந்து போடும் கணக்கு. வலப்பக்கம் லாரி ஹாரன் அடித்தால், ஒலி நம் இடக்காதுக்குப் போய்ச் சேர அதிகபட்சம் 0.7 மில்லிவினாடி தாமதமாகும். அந்தத் துளி நேரத்தை மூளைத்தண்டு அளந்துவிடுகிறது! கீச்சொலியென்றால் தலை மறைத்து, மறுகாதில் சத்தமும் குறையும்.

மேலா கீழா என்பதில்தான் நாம் திணறுவோம். 1988-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தில், உச்சிக்கிளையில் அணில் கத்தினால் காதுமடலின் மடிப்புகளைத்தான் நம்ப வேண்டும். கூகைக்கு அந்தக் கவலையில்லை. அதன் காதுத் துளைகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருப்பதால், கும்மிருட்டிலும் சரசரப்பை வைத்தே எலியைப் பிடித்துவிடும்.