ஓர் ஆண்டில் உலகம்

வரலாறு கற்பார் பெரும்பாலும் ஒரு நாட்டின் கதையைத் தொடக்கமுதல் இறுதிவரை தொடர்ந்து படிப்பர். அஃது ஓர் ஆற்றின் கரைவழியே நடந்து செல்வதனை ஒக்கும். மலைமுகட்டில் ஏறி நின்று பல ஆறுகளின் போக்கை ஒருங்கே காண்பதும் உண்டு. ஓர் ஆண்டைத் தேர்ந்துகொண்டு, அவ்வாண்டில் உலகின் பல பகுதிகளிலும் நிகழ்ந்தவற்றை ஒருசேர நோக்குதல் அத்தகையது. அதற்கு ஏற்றதோர் ஆண்டு கி.பி. 1415.

அவ்வாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர் பலருடைய கருத்தும் கான்ஸ்டன்ஸ் என்னும் நகரின்மீது பதிந்திருந்தது. இன்றைய ஜெர்மனியின் தென்பகுதியில் உள்ள அந்நகரில், கிறித்தவ சமயத் தலைவர்களின் பேரவை 1414 முதல் கூடியிருந்தது. போப்பாண்டவர் பதவிக்கு மூவர் உரிமை கொண்டாடிய குழப்பத்தைத் தீர்ப்பதே அதன் முதல் நோக்கம். யான் ஹஸ் என்பவரும் அவ்வவைக்கு அழைக்கப்பட்டார். அவர் பிராகா நகரப் பல்கலைக்கழக ஆசிரியர். மக்கள் பேசும் செக் மொழியிலேயே சமய உரை நிகழ்த்தியவர். திருச்சபையில் மலிந்த குறைகளை அஞ்சாது எடுத்துரைத்தவர். தீங்கு நேராது என்று மன்னர் சிகிஸ்மண்டு அளித்த உறுதியை நம்பி அவர் சென்றார். ஆயினும் சிறையில் இடப்பட்டார். தம் கருத்தைக் கைவிட மறுத்தமையால், ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர்தம் சாம்பலும் எஞ்சாதவாறு ரைன் ஆற்றில் எறியப்பட்டது.

ஆறு வாரங்கள் கழிந்தன. ஆகஸ்டுத் திங்கள் 21ஆம் நாள், போர்ச்சுகல் மன்னர் முதலாம் ஜானின் கப்பற்படை, ஆப்பிரிக்காவின் வடகரையில் இருந்த சியூட்டா என்னும் துறைமுகத்தை ஒரே நாளில் கைப்பற்றியது. அப்போரில் மன்னரின் மைந்தர் மூவர் கலந்துகொண்டனர். அவருள் ஒருவர் ஹென்றி. சிறிய நாடு ஒன்று சிறிய ஊர் ஒன்றைக் கொண்டது என்ற அளவிலேயே பலரும் அதனைக் கருதியிருப்பர்.

அவ்வாண்டின் பெருஞ்செய்தி அக்டோபரில் பிறந்தது. பிரான்சின் அரியணை தமக்கே உரியது என்று இங்கிலாந்து மன்னர் நெடுங்காலம் போரிட்டு வந்தனர். அதனை நூற்றாண்டுப் போர் என்பர். அதன்பொருட்டுப் பிரான்சில் புகுந்த ஐந்தாம் ஹென்றியின் படை, நோயாலும் பசியாலும் நலிந்திருந்தது. தொகையில் மிக்க பிரெஞ்சுப் படை அதனை அஜின்கோர்ட் என்னுமிடத்தில் 25ஆம் நாள் எதிர்த்தது. இருபுறமும் காடு; இடையே உழுத குறுநிலம்; மழையால் கால் புதையும் சேறு. கனத்த கவசம் பூண்ட பிரெஞ்சு வீரர் அச்சேற்றில் நெருக்குண்டு தடுமாறினர். ஆங்கிலேயரின் நெடுவிற்கள் அம்புமாரி பொழிந்தன. பிரெஞ்சுப் பெருமக்கள் திரள்திரளாக மடிந்தனர். ஹென்றி வாகை சூடினார்.

இனிக் கீழ்த்திசையை நோக்குவோம். அங்கே சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே, பாரசீக வளைகுடாவின் ஆர்மஸ் வரை சென்ற தம் நான்காம் பயணத்தை முடித்து, 1415இல் தாயகம் மீண்டார். 1405இல் தொடங்கிய அவர்தம் முதற் பயணத்திலேயே 27,000க்கு மேற்பட்டோர் சென்றனர் எனச் சீன வரலாறு கூறும். அப்பயணங்கள் தமிழோடும் தொடர்புடையன. 1409ஆம் ஆண்டுக் குறிப்புடன் இலங்கையின் காலியில் அவர் நிறுவச்செய்த கல்வெட்டு, சீனம், பாரசீகம், தமிழ் ஆகிய மும்மொழிகளிலும் அமைந்தது. அந்நாளைய கடல் வணிகத்தில் தமிழுக்கிருந்த இடத்தை அது காட்டுகின்றது. 1415இல் ஆப்பிரிக்கக் கீழ்க்கரையின் மலிந்தி நகரிலிருந்து சீனப் பேரரசருக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கி காணிக்கையாக வந்தது; அதனை மங்கல விலங்கெனச் சீனர் போற்றினர்.

அவ்வாண்டில் வாழ்ந்தாரை அணுகி, 'இவற்றுள் பெரியது யாது?' என வினவியிருப்பின், மேற்கே உள்ளோர் அஜின்கோர்ட் வெற்றியையும், கிழக்கே உள்ளோர் சீனக் கப்பல்களையும் சுட்டியிருப்பர். காலம் வேறு விடை கூறிற்று. 1453இல் பிரான்சில் ஆங்கிலேயர்க்கு எஞ்சியது கலே நகர் ஒன்றே. சீனப் பெரும்பயணங்கள் 1433இல் முடிவுற்றன. ஆற்றில் எறிந்த சாம்பலோடு ஹஸ்ஸின் கருத்து அழியவில்லை. அவர் வழியினர் எழுந்தனர். பொகீமிய நாடு பல்லாண்டு போர்க்களமாயிற்று.

சியூட்டாவில் போரிட்ட இளவரசர் ஹென்றியோ, பின்னர் ஆப்பிரிக்கக் கரையோரம் கப்பல்களைத் தொடர்ந்து அனுப்பினார். அவற்றால் கடல்வழி தெளிந்தது. ஆயின், 1444இல் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகப் போர்ச்சுகலில் வந்திறங்கிய கொடுமையும் நிகழ்ந்தது. 1498இல் வாஸ்கோ ட காமா அதே மலிந்தியில் வழிகாட்டி ஒருவரைப் பெற்று, செங் ஹேயின் கப்பல்கள் முன்பு தங்கிய அதே கோழிக்கோட்டை அடைந்தார். ஆசியக் கடல்களில் ஐரோப்பியர் ஆட்சி வேர்கொள்ளத் தொடங்கியது.

பெருமரம் முறிந்து வீழின் ஊரெல்லாம் கேட்கும்; விதை வீழும் ஓசையோ எவர் செவிக்கும் எட்டாது. பின்னாளில் நிழல் தருவதும் முள் தருவதும் அவ்விதையே. ஆதலின், ஆரவாரம் மிக்கதே பெரிதென எண்ணாது, ஒவ்வொரு செயலும் பின்னர் யாது பயன் விளைத்தது என்று ஆராய்தலே வரலாறு கற்பார்க்கு அழகாகும்.